மர்ஃபி பெட்டி மறுபடி பாடியது, அப்பத்தா ஏன் அணைத்தார்?

வணக்கம் மக்களே. வழக்கம் போலத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு ஆச்சியின் கிரைண்டர். அது ஓய்கிற வரை காத்திருந்தால் இன்றைக்கு வீடியோ போட முடியாது, அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

போன மாதம் அப்பத்தாவுக்கு ஒரு ரேடியோ செய்து தரப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? முடித்துவிட்டேன். இதோ, கேமராவைத் திருப்புகிறேன். பழைய மர்ஃபி கம்பெனி ரேடியோவின் பெட்டி, தேக்குச் சட்டம், முன்பக்கம் துணி. பாட்டுப் பாடுகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு அப்பத்தா இதை அணைத்த விதத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் பெட்டி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் சுற்றினேன். உள்ளே ஒன்றும் வேலை செய்யாத பெட்டிக்கு ஒரு கடைக்காரர் 4,500 ரூபாய் சொன்னார். நான் 1,500 என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துணியால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் 2,200. இடது பக்கக் குமிழ் இல்லை என்பதைக் காட்டிக் காட்டித்தான் அந்த விலைக்கு இறக்கினேன். அதே குமிழ்தான் பிறகு என்னை மூன்று நாள் அலையவிட்டது.

கேளுங்கள். பழைய வால்வு ரேடியோக் குமிழின் ஓட்டை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைக்கிற வால்யூம் கன்ட்ரோலின் தண்டு 6 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மயிரிழைதான், ஆனால் மாட்டினால் குமிழ் மட்டும் சுற்றுகிறது, தண்டு அசைவதில்லை. இன்சுலேஷன் டேப் சுற்றினேன், இரண்டு நாளில் இளகிவிட்டது. சைக்கிள் டியூப் வெட்டி வைத்தேன், உள்ளேயே போகவில்லை. கடைசியில் குளிர்பான டின்னை வெட்டி, மெல்லிய பட்டையாக உருட்டி, ஓட்டைக்குள் செருகினேன். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது! இதோ பாருங்கள், கொஞ்சமும் ஆடவில்லை. இந்தக் குமிழைத் திருப்பிவிட்டு அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், அப்பத்தாவுக்கு 84 வயது. போனில் ஆப்பைத் தொடு, அம்புக்குறியைத் தொடு என்றால் அவருக்கு வராது. குமிழைத் திருப்பினால் குரல் வர வேண்டும், திருப்பி மூடினால் நிற்க வேண்டும். அதனால் என் பழைய போனை உள்ளே வைத்து, இணைய வானொலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் போர்டில் கோத்துவிட்டேன். குமிழ் போர்டை மட்டும்தான் இயக்கும். டேட்டா எவ்வளவு ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஒலி வந்தால் மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி. நாள் முழுக்க ஓடினாலும் 700 எம்பியைத் தாண்டாது. போர்டு 380, வால்யூம் கன்ட்ரோல் 60, பழைய ஸ்பீக்கரை எலி கடித்திருந்ததால் புதிது 350, குமிழ் 40. பெட்டியோடு சேர்த்து 3,030.

சரி, இப்போது அப்பத்தாவின் கதை. பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பத்தாவுக்குப் பிறந்த ஊர் ஓரியூர் பக்கம். அருளானந்தர் என்ற பாதிரியார் 1693-இல் வெட்டுப்பட்ட அந்தச் செம்மண் பூமி. கல்யாணமாகித் தேவகோட்டைக்கு வந்தபோது ஐயா வீட்டில், அதாவது என் தாத்தா வீட்டில், ஒரு ரேடியோ இருந்தது. முற்றத்துக் கம்பியிலிருந்து வேப்பமரம் வரை ஐயா செப்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அதில்தான் பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்பு சிற்றலையில் வரும். அலை ஏறும், இறங்கும், ஊளையிடும், நடுவில் சீன மொழி ஒன்று குறுக்கே வரும். ஆனாலும் கேட்பார்கள். நேயர் கடிதம் வாசிக்கிற நாளில் எங்கள் முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்களாம்.

அப்பத்தா பதினைந்து காசு கார்டில் எழுதிப் போடுவார். ஒலி எப்படி இருந்தது, எந்த இடத்தில் இரைச்சல், அன்றைக்கு என்ன பிடித்தது, பேரனுக்குக் காய்ச்சல் என்பது வரை. ஒரு நாள் அவர் பெயரையும் தேவகோட்டையையும் ரேடியோவில் வாசித்தார்கள். அந்த அறிவிப்பாளரின் குரலை இன்றைக்கும் அவரால் செய்து காட்ட முடியும். “காய்ச்சல் விட்டுவிட்டதா அம்மா?” என்று கேட்டாராம். கடல் தாண்டி ஒருவர் தன் பேரனை விசாரித்தார் என்று இப்போதும் சொல்லும்போது கண் கலங்கும். அந்தப் பேரன் என் பெரியப்பா மகன், கோயம்புத்தூரில் இருக்கிறார்.

கடல் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் தனியார் பண்பலை உரிமம் மத அமைப்புகளுக்குக் கொடுப்பதில்லை, விதியே அப்படி. ஆல் இந்தியா ரேடியோவில் காலையில் பக்திப் பாடல் வரும், அதில் மூன்று மதப் பாட்டும் இருக்கும். திருச்சி நிலையத்தை ஐயா அதற்காகவே வைப்பார். ஆனால் நாள்தோறும் உட்கார்ந்து பேச ஒரு கிறிஸ்தவ நிலையம் வேண்டுமென்றால் மணிலா, வத்திக்கான், இலங்கை என்றுதான் போக வேண்டும். வத்திக்கான் வானொலி 1931-இல் மார்க்கோனி கட்டிக்கொடுத்தது. இலங்கைப் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 882 கிலோஹெர்ட்ஸில் மத்திய அலையில் வந்தது. நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர்தான். இருட்டிய பிறகு ஊர்க்கதை பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கும்.

அந்த 882 எங்கள் வீட்டில் கேட்காமல் போன கதையை எல்இடி பல்பு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். கூடத்தில் புது பல்பு மாட்டிய அன்றிலிருந்து ர்ர்ர் என்று ஒரே இரைச்சல். நிலையம் கெட்டுவிட்டது என்று அப்பத்தா இரண்டு மாதம் ரேடியோவையே தொடவில்லை. பல்பை அணைத்தால் குரல் வந்தது! உள்ளே அலையைப் பிடிக்கிற ஃபெரைட் கம்பி இருக்கிறது, பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே இரைச்சல் பாதியாகக் குறையும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தோம். நல்ல நிகழ்ச்சி கொடுத்தும் நேயர் போய்விட்டார்களே என்று வருந்துகிற நிலையக்காரர்கள் இதையும் யோசிக்க வேண்டும். பலர் போனது மனம் மாறி இல்லை, வீட்டில் பல்பு மாறியதால்.

அடுத்தது 2018. வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்தியது. இனி இணையத்தில் கேளுங்கள் என்றார்கள். அவர்கள் சிரமம் புரிகிறது, பெரிய டிரான்ஸ்மிட்டருக்கு ஆகிற மின்கட்டணம் சும்மா இல்லை. ஆனால் அப்பத்தாவிடம் அப்போது இருந்தது பட்டன் போன். நேயர் மன்றத்துப் பெரியவர்கள் பலருக்கும் அதே நிலைமைதான். ஒரே நாளில் கதவு அடைத்த மாதிரி இருந்தது என்று அப்பத்தா சொன்னார். இந்த மர்ஃபிப் பெட்டி அந்தக் கதவைத் திறக்கத்தான்.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். 3,030 என்றேன் அல்லவா? முன்பக்கத் துணியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது 120. ஆக 3,150. தப்பான கணக்குச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு ஜெபமாலை முடிந்தது. ஏழரைக்கு ஒரு இணைய வானொலி. பெயர் வேண்டாம். அப்பத்தா தலை சீவி, புதுச் சேலை உடுத்திக்கொண்டு பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குமிழைத் திருப்பினார். குரல் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேர நிகழ்ச்சி. மூன்றாவது நிமிடத்திலேயே சந்தேகம் வந்து, மணி பார்த்துக் குறித்துவைத்தேன். தொடக்க இசையும் நிலையத்தின் பெருமையும் 3 நிமிடம். பாட்டு 8. வசன விளக்கம் 6. வரப்போகிற கூட்டத்தின் அறிவிப்பு 4. வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண், பணம் அனுப்ப வேண்டிய செல் எண், கொடுத்தால் என்னென்ன ஆசீர்வாதம் என்பது 9. ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை! விளக்கம் 6 நிமிடம், வசூல் 9 நிமிடம். அந்த ஆறிலும் குரலுக்கு எக்கோ போட்டிருந்தார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு எக்கோ போட்டால் ஒரு சொல்லும் விளங்காது. ஏன் கத்த வேண்டும்? கூடத்தில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்து, சொல் சொல்லாக விளங்குகிற கீர்த்தனைக்கு அப்பத்தா கூடவே முணுமுணுப்பார். அன்றைக்கு வந்த எட்டு நிமிடமும் கீபோர்டுத் தாளம், டமடம என்று. எனக்கு அது அறவே பிடிக்காது. பிடித்தவர்கள் இருக்கலாம், ஆனால் ஏழரை மணிக்கு ரேடியோ முன் உட்கார்கிற பெரியவர்களுக்கு அதைப் போடாதீர்கள்.

இரண்டாவது தடவை கணக்கு எண் வந்தபோது அப்பத்தா எழுந்தார். குமிழை மெதுவாகத் திருப்பி மூடினார். “நலமா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்கலையே ஆத்தா” என்றார். அவ்வளவுதான். சேலையை மாற்றிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். பிறகு முழுவதையும் நான் மட்டும் குறிப்பதற்காகக் கேட்டேன்.

காசு கேட்கக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இணைய ஒலிபரப்பு நடத்தச் செலவு இருக்கிறது, அறிவிப்பாளருக்கும் சாப்பாடு வேண்டும். ஐயா இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை மணியார்டர் அனுப்புவார், யாரும் கேட்காமலே. கடிதத்துக்குப் பதில் வந்தது, அதனால் அனுப்பினார். அந்த வரிசையை இவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சியை மறந்துவிட்டேன் பாருங்கள், அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஆச்சி தினம் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவர். ஆனால் எங்கள் முற்றத்து ரேடியோவின் பழைய நேயர். மருத்துவக் குறிப்பு, குடும்பக் கதை, மாமியார் மருமகள் கடிதம் எல்லாவற்றுக்கும் வந்து உட்காருவார். சீயம் சுட்டால் ஒரு தட்டு எங்களுக்கு வரும். ஒரு நாள் வேறொரு நிலையத்தில் ஒருவர் பேசும்போது, சிலை கும்பிடுகிறவர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அப்பத்தா வெட்கத்தில் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போய் அப்பத்தாவே மன்னிப்புக் கேட்டார். ரேடியோக்காரர் பேசியதற்கு இவர் மன்னிப்புக் கேட்டார்! ஆச்சி தட்டு அனுப்புவதை நிறுத்தவில்லை, ஆனால் ரேடியோவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அன்பைச் சொல்கிறோம் என்று அலைவரிசை பிடித்துவிட்டு, இருபது வருஷமாகக் கேட்கிற ஒருவரை ஒரே வாக்கியத்தில் எழுப்பிவிட்டது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

இந்த ஒரு வாரத்தில் பதினொரு இணைய வானொலிகளைக் கேட்டுவிட்டேன். இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் காலை ஐந்தரைக்கு ஒரு அக்கா அன்றைய வாசகத்தை நிதானமாக வாசிக்கிறார், நடுவில் இசையே இல்லை, முடிந்ததும் ஒரு நிமிடம் மௌனம். வானொலியில் மௌனம் விட ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்பத்தா அந்த ஒரு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், குமிழைத் தொடவில்லை. நேற்றும் சரியாக ஐந்தரைக்கே வந்தது, இன்றும் அப்படியே. பெரியவர்களுக்கு அதுதான் முக்கியம். நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிற நிலையத்தை அப்பத்தா நம்ப மாட்டார். இன்னொன்றில் கேட்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரல் பதிவைப் போடுகிறார்கள். அப்பத்தாவின் குரலைப் பதிந்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

இன்று மத்தியானம் அப்பத்தா என்னிடம் ஒரு அஞ்சலட்டை கேட்டார். இப்போது 50 காசு. ஐந்தரை மணி அக்காவுக்கு எழுத வேண்டுமாம். ஒலி தெளிவு, இரைச்சல் இல்லை, மௌனம் நன்றாக இருந்தது, பேரனுக்குப் பெண் பார்க்கிறோம் என்று சொல்லச் சொல்ல எழுதிவிட்டேன். முகவரிக்குத்தான் சிக்கல். நிலையத்தின் பக்கத்தில் மின்னஞ்சல் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, கதவு எண்ணும் தெருவும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்றேன், கூடாது, கார்டு கையில் போய்ச் சேர வேண்டும் என்கிறார்.

அதனால் மக்களே, கடிதத்தை இன்னும் வாசிக்கிற தமிழ்க் கிறிஸ்தவ வானொலி உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். நேரத்தையும் சரியாகப் போடுங்கள், தபால் முகவரி இருந்தால் அதையும். கார்டு பெட்டியின் மேலேயே கிடக்கிறது.