கறிவேப்பிலைப் புழுவை விட்டுவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "கறிவேப்பிலையில் புழு வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" எதையும் அடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புழுவைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். சின்ன வயதில் அப்படியே காக்கை எச்சம் மாதிரி இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேடம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டும், வாடை குப்பென்று வரும். ஒரு மாதத்துக்குள் அது கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி. எலுமிச்சை, நார்த்தை, வில்வம் என்று அந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் இது முட்டையிடும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தால் தேன் குடிக்க வரும், ஆனால் குடித்தனம் நடத்தாது. காலி மனையில் நிற்கும் எருக்கும் கறிவேப்பிலை மாதிரிதான், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அது பிள்ளை வளர்க்கும் இடம். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

சரி, புழு பெருகிவிடாதா? தையல்சிட்டு எதற்கு இருக்கிறது! இலையை மடித்து, பஞ்சு நூலால் தைத்துக் கூடு கட்டும் அந்தக் குருவி, குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்தப் புழு பூச்சிகளைத்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிதான் கொடுக்கிறது. நாம் பெட்டி மாட்டுகிறோம், அரிசி தூவுகிறோம். நல்லதுதான். ஆனால் மருந்தடித்த தோட்டத்தில் குஞ்சுக்கு அது எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

ஆகவே, தரையில் இடமிருந்தால் கறிவேப்பிலை இரண்டாக வளரட்டும், ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. வேரிலிருந்து கன்று தானே முளைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். உதிர்ந்த சருகை ஒரு மூலையில் அப்படியே விடுங்கள், தேரையும் அரணையும் வரும். அகலமான மண் தட்டில் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல் போடுங்கள். தேனீ அதில் உட்கார்ந்துதான் குடிக்கும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் கொசு வராது.

அப்புறம், குச்சியில் தொங்கும் கூட்டுப்புழு கறுக்க ஆரம்பித்தால் பூச்சி வெளிவரப் போகிறது என்று அர்த்தம். வந்ததும் இறக்கை கசங்கிப் போய் ஈரமாக இருக்கும். அது விரிந்து காயும்வரை அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திருப்பாதீர்கள்.