அடைக்கலத்தில் எழுந்த நாடு: லெசோத்தோ

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட லெசோத்தோ, நாற்புறமும் தென்னாப்பிரிக்கா என்னும் ஒரே நாட்டால் சூழப்பட்ட சிறிய முடியரசு. பரப்பளவு ஏறத்தாழ 30,355 சதுர கிலோமீட்டர், கடற்கரை கிடையாது. அதன் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டுமே நினைப்பவர்கள், ஜூன், ஜூலை மாதங்களில் அங்குள்ள மலோட்டி மலைகள் பனி மூடிக் கிடப்பதை அறிந்தால் வியப்பார்கள்.

இப்படி ஒரு நாடு எப்படி உருவாயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஆப்பிரிக்க நிலப்பகுதி போரிலும் பஞ்சத்திலும் சிதறியது. குலங்கள் ஊரை விட்டு ஓடின. அந்தக் காலத்தில், 1824ஆம் ஆண்டு, மொஷ்வேஷ்வே என்ற இளம் தலைவர் தம் மக்களுடன் தாபா போசியு என்ற குன்றின்மீது ஏறினார். 'இரவின் மலை' என்பது அதன் பொருள். சுற்றிலும் செங்குத்தான பாறை. உச்சியிலோ பரந்த சமவெளியும் புல்லும் ஊற்றுநீரும் இருந்தன. அடைக்கலம் தேடி வந்தவர் எந்தக் குலத்தவர் என்று பாராமல் அவர் ஏற்றுக்கொண்டார். மாடில்லாதவருக்குத் தம் மாடுகளை வளர்ப்புக்குக் கொடுத்தார். பால் வளர்ப்பவருக்கு, மாடும் கன்றும் கொடுத்தவருக்கு. 'மஃபிசா' எனப்படும் இந்த ஏற்பாடு, வந்தவரைப் பசியாற்றியதோடு அரசரோடு பிணைத்தும் வைத்தது.

அவருடைய பாட்டனார் பீட்டே, பஞ்சத்தில் நரமாமிசம் உண்ணத் தலைப்பட்டவர்களுக்கு இரையானார் என்பது அம்மக்களின் வரலாற்று நினைவு. அவர்கள் பிடிபட்டபோது, 'என் பாட்டனின் கல்லறை இவர்கள் வயிறுதான். அதை இடிக்க மாட்டேன்' என்ற கருத்தில், கல்லறைக்குச் செய்யும் சடங்கை அவர்களுக்கே செய்து மன்னித்தாராம். 1831இல் அம்மலையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய, நிடெபெலே மக்களின் அரசர் உம்சிலிகாசியின் படைக்கும் வழிச்செலவுக்கென மாடுகளை அனுப்பிவைத்தார். பகைவன் பசியோடு போனால் மீண்டும் வருவான் என்று கணித்த அரச தந்திரம் அது என்பேன். ஆனால் தந்திரம் மட்டுமே அன்று.

1833இல் பிரெஞ்சு மதபோதகர்கள் வந்தார்கள். அவர்களில் கசாலிஸ், அரசரின் ஆலோசகராகவே ஆனார். பின்னர் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுடன் நடந்த போர்களில் மேற்குச் சமவெளியின் வளமான விளைநிலங்கள் பறிபோயின. 1868இல் அரசர் பிரித்தானியரின் பாதுகாப்பை ஏற்றார். இரண்டே ஆண்டுகளில் மறைந்தார். நாடு 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெற்றது. இன்றைய மன்னர் மூன்றாம் லெட்சிக்கு ஆட்சியதிகாரம் இல்லை. 'தலைவர் தலைவராவது மக்களால்' என்னும், அந்நாட்டு மொழியான செசோத்தோவின் பழமொழியும், தலைவர் முன்னிலையில் ஊரார் மனம் திறந்து பேசும் 'பிட்சோ' என்ற பொதுக்கூட்ட மரபும் அங்கே மிகப் பழையவை.

பண்பாட்டில் முதலில் கண்ணில் படுவது கம்பளிப் போர்வை. ஐரோப்பிய வணிகர் வழியாக வந்த பொருள்தான். ஆனால் தோலாடையின் இடத்தைப் பிடித்து, பிறப்பு, மணம், இறப்பு என எல்லாச் சடங்கிலும் கலந்துவிட்டது. மக்காச்சோளக் கதிர் நெய்த போர்வை வளமைக்குரியது. கோடுகள் படுக்கையாக விழாமல் மேல்நோக்கி நிற்கும்படி போர்த்தினால்தான் வாழ்வு வளரும் என்று நம்புகிறார்கள். புல்லால் பின்னிய 'மொகொரொட்லோ' என்ற கூம்புத் தொப்பி 2006 முதல் தேசியக் கொடியிலேயே இருக்கிறது.

மலைமேய்ச்சலில் சிறுவர்கள் வாசிக்கும் 'லெசிபா' எனக்கு மிகவும் பிடித்தது. கழியில் கட்டிய நரம்பின் முனையில் ஓர் இறகுத் துண்டு. அதை உதட்டருகே வைத்து மூச்சால் அதிரவைப்பார்கள். நரம்பும் காற்றும் ஒரே கருவியில் சேர்ந்து ஒலிக்கின்றன. அச்சிறுவர்கள் மேய்ச்சலில் நிற்க, பள்ளிக்குச் சென்றவர்கள் பெண்பிள்ளைகள். ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக எழுத்தறிவு பெற்ற நாடு அது.

மலைநீரே இன்று அந்நாட்டின் பெருஞ்செல்வம். தென்னாப்பிரிக்காவுடன் செய்துகொண்ட 1986 ஒப்பந்தப்படி எழுந்த 185 மீட்டர் உயரக் கட்சே அணையிலிருந்து, சுரங்க வழியாகத் தண்ணீர் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்குப் போகிறது. விற்ற நீருக்குப் பணம் வருகிறது. ஆயினும் பல மலைக்கிராமங்களில் பெண்கள் இன்னும் ஊற்றிலிருந்து குடம் சுமக்கிறார்கள் என்பது என் மனத்தை உறுத்துகிறது. அங்கே மேடையில் பேசுபவர் முடிக்கும்போது 'கொத்சோ, புலா, நாலா' என்பார்: அமைதி, மழை, வளம். கூட்டமும் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லும்.