அரை சென்ட்

நண்பர்களே, அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்தில் பாயின்செட் என்று ஒரு கவுன்டி இருக்கிறது. கவுன்டி என்றால் மாவட்டம் போல ஒரு நிர்வாகப் பிரிவு. மிசிசிப்பிப் படுகையின் வண்டல் பூமி, 1930களில் எங்கே பார்த்தாலும் பருத்தி. அப்போது அங்கே உழுதவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த நிலம் கிடையாது. நம் பக்கத்து வாரச் சாகுபடி மாதிரி, விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு, பாதி உழுதவருக்கு. அந்தப் பாதியிலும் பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கும் இறைச்சிக்கும் பற்று எழுதிக் கழித்துக்கொள்வார்கள்.

1932இல் பருத்தி விலை பவுண்டுக்கு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடைக்கு, ஆறேழு சென்ட் என்று விழுந்துவிட்டது. சென்ட் என்றால் நம் நில அளவு இல்லை, டாலரில் நூறில் ஒரு பங்கு. அடுத்த வருடமே ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். தரிசாகப் போடும் நிலத்துக்கு அரசே பணம் தரும். அந்தக் கோடையில் நாடு முழுக்க சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை, வளர்ந்து நின்ற செடியோடு, மடக்கி உழுதார்கள். விலையும் ஏறியது. அதை நான் மறைக்கவில்லை.

சரி, அரசு கொடுத்த பணம் யார் கைக்குப் போனது? 1934ஆம் வருடத்து ஒப்பந்தப்படி பவுண்டுக்கு நாலரை சென்ட். பண்ணையாருக்கு நாலு, வாரத்துக்கு உழுதவருக்கு அரை. அந்த அரை சென்ட்டும் பண்ணையார் வழியாகத்தான் வர வேண்டும். பல இடங்களில் பழைய கடனுக்கு என்று அவரே எடுத்துக்கொண்டார். இதைத் தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நம் பிஎம் கிசான் திட்டத்தின் வருடாந்தர 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று நடந்தது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரிசு என்றால், அத்தனை குடும்பம் எதற்கு? பழைய குடியானவர்களைக் கூடியவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொன்னது. ‘கூடியவரை’ என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. டைரோன்சா ஊர்ப் பக்கம் ஒரே பண்ணையிலிருந்து 23 குடும்பங்களை வெளியேற்றினார்கள். வாஷிங்டனுக்குப் புகார் எழுதினால், விசாரிக்கும் உள்ளூர்க் குழுவில் இருந்தவர்களும் பெரும்பாலும் பண்ணையார்கள்தான்.

1934 ஜூலையில் டைரோன்சா அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 வெள்ளையர், 7 கறுப்பர். அந்தக் காலத்து அமெரிக்கத் தென் மாநிலங்களில் இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்ததே உயிருக்கு ஆபத்தான காரியம். சேர்ந்தே சங்கம் வைத்தார்கள். தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படித்தான் பிறந்தது. 1935 பிப்ரவரியில், பழைய குடியானவர்களையே வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஏழாவது பிரிவுக்கு விளக்கம் எழுதிய அரசு வழக்கறிஞர்களுக்கு வேலை போனது.

பிற்பாடு விதியை மாற்றி, உழுபவரின் பங்கைக் கூட்டினார்கள். அதற்கும் பண்ணையார்கள் வழி கண்டுபிடித்தார்கள்: வாரக்காரரை நீக்கிவிட்டு அதே ஆளைத் தினக்கூலிக்கு வைத்தால் மானியம் முழுக்க நிலக்காரருக்கே. 1939 ஜனவரியில் பக்கத்து மாநிலமான மிசூரியின் தென்கிழக்கு மூலையில், இப்படி நீக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டிலையும் அடுப்பையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, கடுங்குளிரில் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருந்தார்கள். சில நாளில் சுகாதாரக் கேடு என்று சொல்லி, போலீஸ் வந்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனது.