ஒரு தூதரின் மரணமும் ஒரு தேர்தல் ஆண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

2012 அக்டோபர் 16. சான் பிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்தில் ஓர் இரங்கல் கூட்டம். ஐந்து வாரங்களுக்கு முன் லிபியாவில் கொல்லப்பட்ட அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸுக்காக அவருடைய குடும்பமும் நண்பர்களும் கூடியிருந்தார்கள். அதே நாள் இரவு, நாட்டின் மறுகோடியில், அதிபர் ஒபாமாவும் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னியும் இரண்டாவது தேர்தல் விவாதத்தில் எதிரெதிரே நின்றார்கள். அங்கேயும் அந்த மரணம் பேசப்பட்டது. ஆனால் அதைப் பயங்கரவாதம் என்று அதிபர் மறுநாளே சொன்னாரா, இரண்டு வாரம் கழித்துச் சொன்னாரா என்பதுதான் அங்கே வாக்குவாதம்.

ஸ்டீவன்ஸ் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விவாதங்களில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கலிபோர்னியாக்காரர். இளம் வயதில் மொராக்கோவுக்குத் தன்னார்வலராகப் போய் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர். அரபு பேசுவார். 2011 ஏப்ரலில், கடாபி இன்னும் ஆட்சியில் இருந்தபோதே, ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் லிபியாவின் பெங்காசி நகருக்கு வந்து இறங்கி, கிளர்ச்சியாளர்களோடு தொடர்பை ஏற்படுத்தினார். மறு ஆண்டே லிபியாவுக்கான தூதரானார். மதில்களுக்குள் அடைந்து கிடக்கும் சுபாவம் இல்லை அவருக்கு. தெருவில் இறங்கி, உட்கார்ந்து பேசி, ஊரைத் தெரிந்துகொள்கிறவர்.

2012 செப்டம்பர் 11 இரவு, பெங்காசியில் அவர் தங்கியிருந்த தூதரக வளாகத்துக்குள் ஆயுதக் குழுவினர் புகுந்து தீ வைத்தார்கள். புகையில் மூச்சுத் திணறி ஸ்டீவன்ஸும், தகவல் தொடர்பு அதிகாரி ஷான் ஸ்மித்தும் இறந்தார்கள். விடிவதற்குள் அருகிலிருந்த இன்னொரு கட்டடத்தின் மீது குண்டுகள் விழ, டைரோன் உட்ஸ், கிளென் டோஹர்ட்டி என்ற இரு பாதுகாவலர்களும் பலியானார்கள். 1979இல் காபூலில் அடால்ஃப் டப்ஸ் கொல்லப்பட்ட பிறகு, தாக்குதலில் உயிரிழந்த முதல் அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ்தான்.

அந்த மரணத்துக்காக முதலில் தெருவுக்கு வந்து அழுதது பெங்காசி. கொன்றவர்கள் எங்கள் பெயரால் கொல்லவில்லை என்று கையால் எழுதிய அட்டைகளோடு மறுநாளே மக்கள் நின்றார்கள். புகை மண்டிய அறையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். பத்து நாள் கழித்து, செப்டம்பர் 21 வெள்ளிக்கிழமை, பல்லாயிரம் பேர் ஊர்வலமாகப் போய் தாக்குதலில் தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்பட்ட அன்சார் அல்-ஷரியா என்ற ஆயுதக் குழுவை அதன் முகாமிலிருந்தே விரட்டினார்கள். அன்றிரவு மோதல்களில் உயிர்களும் போயின. ஒரு வெளிநாட்டுத் தூதருக்காக ஊரே திரண்டு ஆயுதக்காரர்களை எதிர்ப்பது அடிக்கடி நடக்கிற காரியமா?

இன்னொரு துக்கம் யாரும் எதிர்பாராத இடத்தில் நடந்தது. ஷான் ஸ்மித், ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 'வைல் ராட்' என்ற பெயரில் புகழ்பெற்றவர். அவரை நேரில் பார்த்தே இராத ஆட்டக்காரர்கள், அந்த விளையாட்டு உலகிலிருந்த தங்கள் நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டி அஞ்சலி செய்தார்கள். எனக்கென்னவோ பல அரசு அஞ்சலிகளைவிட இது மனத்தைத் தொடுகிறது.

வாஷிங்டனில் நடந்தது வேறு. தாக்குதல் நடந்த இரவே, இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாத நிலையில், ராம்னி தரப்பு ஒபாமா ஆட்சியைக் கண்டித்து அறிக்கை விட்டது. ஆளும் தரப்பும் சளைக்கவில்லை. ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் சூசன் ரைஸ் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றி, இஸ்லாத்தை இழிவுபடுத்திய ஒரு காணொளிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்திலிருந்து கிளம்பிய வன்முறை இது என்றார். பெங்காசியில் அப்படி ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. கூடுதல் பாதுகாப்புக் கேட்டும் ஏன் கிடைக்கவில்லை? முன்னாள் தூதர் தாமஸ் பிக்கரிங்கும் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி மைக் மல்லனும் நடத்திய விசாரணை, டிசம்பருக்குள் பதில் சொல்லிவிட்டது: பாதுகாப்பு கொஞ்சமும் போதாது, வெளியுறவுத் துறையின் நிர்வாகம் தவறிவிட்டது. விஷயம் அங்கிருந்து சீர்திருத்தத்துக்குப் போயிருக்க வேண்டும். தேர்தலுக்குத்தான் போயிற்று. 2014இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை ஒரு தனி விசாரணைக் குழுவை அமைத்தது. தாக்குதலின்போது வெளியுறவு அமைச்சராக இருந்து, பிறகு 2016 அதிபர் தேர்தலில் இறங்கிய ஹிலாரி கிளிண்டனை ஒரே நாளில் பதினோரு மணி நேரம் விசாரித்தது. இந்தக் குழுவால்தான் ஹிலாரியின் செல்வாக்கு சரிந்தது என்று குடியரசுக் கட்சித் தலைவர் கெவின் மெக்கார்த்தியே 2015இல் தொலைக்காட்சியில் பெருமைப்பட்டுக்கொண்டார். வாய் தவறி உண்மை வந்துவிட்டது!

2016 ஜூலையில் இரண்டு தாய்மார்கள் பேசினார்கள். ஸ்மித்தின் தாய் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் நின்று, என் மகன் சாவுக்கு ஹிலாரியே பொறுப்பு என்றார். ஸ்டீவன்ஸின் தாய் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, என் மகன் பெயரைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள் என்றார். பெற்ற வயிறு இரண்டும் ஒன்றுதான். இவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒருவரை மேடையேற்றி, மற்றவரின் வேண்டுகோளைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனை ஆண்டுப் பேச்சில் காணாமல் போனது லிபியா. 2014 ஜூலையில், திரிப்போலியில் சண்டை முற்றியதும், அமெரிக்கத் தூதரகமே காலி செய்யப்பட்டது. ஊழியர்கள் சாலை வழியாக துனிசியாவுக்குப் போனார்கள். பெங்காசியில் ஆயுதக் குழுக்களை விரட்டிய மக்கள் உள்நாட்டுப் போரில் சிக்கினார்கள். கடாபி போன மறுநாளுக்குத் திட்டமிடாததுதான் என் ஆட்சியின் மிக மோசமான தவறாக இருக்கலாம் என்று ஒபாமா 2016 ஏப்ரலில் ஒரு பேட்டியில் சொன்னார். அதைப் பற்றி விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் யாரும் பதினோரு மணி நேரம் உட்காரவில்லை.

நன்றி, வணக்கம்.