நிலம் அதிர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

(நாகப்பட்டினத்தில் நூலக வாசகர் வட்ட விழாவொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையிலும் கடைசிவரை இருப்பேன் என்று சொல்லி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நூலகர் அம்மா அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்காலி போட்டதிலிருந்து ஒலிபெருக்கி பார்த்ததுவரை அவர்கள்தான். ஒரு கைதட்டல் கொடுங்கள்.

"நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்பார்கள். என்னை எங்கே பேச அழைத்தாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில், வழிகாட்டியின் பின்னால் ஒரு முழுப் பகல் நடந்ததைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மூன்று செய்திகளைச் சொல்வதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது: 1755 நிலநடுக்கம், 1974 ஏப்ரல் புரட்சி, 1554ல் அந்த நகரில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல். 1658ல் டச்சுக்காரர்களிடம் இழக்கும்வரை நம் நாகப்பட்டினம் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. ஆகவே லிஸ்பன் நமக்கு அறவே அந்நியமான ஊர் இல்லை.

நடை கார்மோ மடாலயத்தில் தொடங்கியது. மண்டபத்துக்குக் கூரை கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கல் வளைவுகள் மட்டும் நிற்கின்றன, நடுவே வானம். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், காலை ஒன்பதரை மணியைத் தாண்டிய நேரம். தேவாலயங்கள் நிறைந்திருந்தபோது நிலம் அதிர்ந்தது. கூரைகள் விழுந்தன. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. இருநூற்று எழுபது ஆண்டுகளாகியும் அந்தக் கூரையை அவர்கள் முழுதாக வேயாமல் விட்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளியுள்ள சாவ் டொமிங்கோஸ் தேவாலயத்தில் 1959ல் தீப்பிடித்தது. அதன் வெந்து சிதைந்த தூண்களுக்குக் கூடச் சுண்ணாம்பு பூசவில்லை. காயத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு வாழும் நகரம் அது. (அந்த மடாலயத்துக்கு முன்னுள்ள சதுக்கத்தையொட்டிய படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார அரசின் தலைவர் சரணடைந்தார். இராணுவ வீரர்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூவைச் செருகிய நாள். அது தனிக்கூட்டத்துக்குரிய பேச்சு.)

அங்கிருந்து நேர்க்கோடாக ஓடும் பைஷா தெருக்கள் வழியே இறங்கினோம். பேரழிவுக்குப் பின் அமைச்சர் பொம்பால் தலைமையில் புதிதாக வகுத்த தெருக்கள் அவை. வீட்டுச் சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோலப் பின்னிக் கட்டினார்கள். மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களை நடக்கவைத்து அதிர்வைச் சோதித்தார்களாம். தெரு முடியுமிடத்தில் டேகஸ் ஆறு. அரண்மனை இருந்த இடம் இன்று பரந்த சதுக்கம். ஆற்றுக்குள் இறங்கும் படித்துறையில் இரண்டு கல்தூண்கள்.

அந்தப் படியில் நின்று வழிகாட்டி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது நிலம் அதிர்கிறது. எங்கே ஓடுவீர்கள்?" பல நாட்டுக்காரர்கள் இருந்தோம். ஒருவர், கட்டடம் விழாத வெட்டவெளி இதுதான், இங்கேயே நிற்பேன் என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். எங்கள் கூட்டத்தில் நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், லிஸ்பனில் வேலை பார்க்கும் மகனோடு வந்திருந்தார். ஆயுள் முழுக்கக் கடலில் போனவர். அவர் மட்டும் கையை உயர்த்திக் கோட்டைக் குன்றைக் காட்டி, "மேட்டுக்குப் போவேன். தண்ணீர் பக்கம் நிற்கவே மாட்டேன்" என்றார், தமிழில். மகன் மொழிபெயர்த்தார். அந்த அம்மையார் அப்படியே நின்றுவிட்டார். "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பெரியவர் சொன்னார்: "2004 டிசம்பர் 26. ஒரு அலை வந்து போயிற்று. முடிந்தது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தேடிக் கீழே இறங்கினார்கள். அடுத்த அலை அவர்கள்மேல் வந்தது." அம்மையார் அவர் கையைப் பிடித்து மேல்படியில் நிறுத்தி, மறுபடியும் முழுதாகச் சொல்லச் சொன்னார். அவர் சொல்லச்சொல்ல மகனுக்குக் குரல் வரவில்லை. ஒரு பெண்மணி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பிறகு அம்மையார் சொன்னார்: அன்றும் மக்கள் தீக்கும் இடிபாட்டுக்கும் தப்பி இந்தக் கரைக்குத்தான் ஓடிவந்தார்கள். ஆறு உள்வாங்கியது. மூழ்கிப்போன கப்பல்கள் அடித்தரையில் தெரிந்தன. வேடிக்கை பார்த்தவர்கள்மேல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரியவரும் அம்மையாரும் அதன்பின் நாள் முழுதும் ஒன்றாகவே நடந்தார்கள். நடந்தால் நாடெல்லாம் உறவு!

பொம்பால் செய்ததில் நான் மிக உயர்வாக மதிப்பது வேறொன்று. ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார். பதில்கள் இன்றும் லிஸ்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். அந்தக் கேள்விகளை நம் தெருக்களில் யார் கேட்டு எழுதி வைத்தார்கள்? இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எல்லோருமே அதற்குப் பின் பிறந்தவர்கள்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, இதைக் கேட்கத்தான் நான் மேடை ஏறினேன். தண்ணீர் எந்த மட்டம்வரை வந்தது என்பதைச் சுவர்களில் நீலக்கோடாக வரையுங்கள். லிஸ்பனுக்குக் குன்றுகள் உண்டு, நமக்கு மேடு கிடையாது. எந்த மாடிக் கட்டடத்துக்கு ஓடுவது, எந்தத் தெரு வழியாக மேற்கே போவது என்று அம்புக்குறி போடுங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று பள்ளிப் பிள்ளைகளை அந்த வழியில் நடத்துங்கள். வழிகாட்டி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. அலையைக் கண்ட மீனவப் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன்னே நடக்கட்டும், பிள்ளைகள் பின்னே நடக்கட்டும். நடந்தால் நாடெல்லாம் உறவு என்ற சொல் நம் தெருவிலேயே பலிக்கட்டும்.

1554ஆம் ஆண்டுத் தமிழ் நூலுக்கு நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். கோரிக்கைத் தாள் வாசலில் நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தைத் தலைமையாசிரியர் ஐயா இட்டிருக்கிறார். இரண்டாவது இடம் நகர்மன்றத் தலைவர் அவர்களுக்காகக் காலியாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.