‘ஏரோ’ என்றொரு விகுதி

எல்லோருக்கும் வணக்கம். டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் ஒரு குறைபாடு. அது உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லமைப்பு, அதாவது ஒரு சொல் எந்தத் துண்டுகளால் ஆனது என்பது, எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் ஸ்பானிஷ். ரொட்டிக்கு ஸ்பானிஷில் ‘பான்’ என்று பெயர். ரொட்டி சுடுகிறவர் ‘பானதேரோ’. காலணி ‘சபாத்தோ’, அதைத் தைக்கிறவர் ‘சபாத்தேரோ’. நாம் பள்ளிக்கூடத்தில் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, அதே கதைதான். ‘ஏரோ’ வந்தாலே தொழில் செய்கிற ஆள் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். ‘ப்ளோர்’ என்றால் பூ. ‘ப்ளோரேரோ’ பூக்காரர் அல்ல, பூச்சாடி. ‘லிமோன்’ எலுமிச்சம்பழம், ‘லிமொனேரோ’ எலுமிச்சை மரம். ஆளுக்கும் பாத்திரத்துக்கும் மரத்துக்கும் ஒரே விகுதி!

இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குச் சாட்சி அவர்கள் விடும் தப்புதான். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘சே’ என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை ‘சாபோ’ என்று சொல்லும். வீட்டில் பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மற்ற வினைச்சொற்களைப் பார்த்து அதுவே செய்துகொண்ட சொல் அது.

சரி, டிஸ்லெக்சியாவுக்கு வருவோம். ஸ்பானிஷை எழுதியிருக்கிறபடியே அநேகமாக வாசித்துவிடலாம். ஆங்கிலத்தின் தொல்லை அங்கே இல்லை. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கும், ஆனால் ஆமை வேகத்தில். பா... ன... தே... ரோ. வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும். தப்பு அதிகம் இல்லாததால், ‘சோம்பேறி’ என்ற பட்டம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் சொல்லமைப்பு கைகொடுக்கிறது. பகுதி ஒரு கவளம், விகுதி ஒரு கவளம் என்று விழுங்கினால் வேலை பாதி. ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பு இத்தாலிய மொழி. அதன் எழுத்தும் இதே போல எளிது. அந்த மொழிப் பிள்ளைகளை வைத்து 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அகராதியில் இல்லாத சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். உண்மையான பகுதியையும் விகுதியையும் ஒட்டிச் செய்த சொற்களை, வெறும் எழுத்துக் கோவைகளைவிட டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் வேகமாக வாசித்தார்கள்.

எழுதும்போது இதன் பயன் இன்னும் கூடுதல். ஸ்பானிஷில் ‘எச்’ எழுத்துக்கு ஒலியே கிடையாது. ‘செய்’ என்று பொருள்படும் ‘ஆசேர்’ அந்த ஊமை எழுத்தில்தான் தொடங்குகிறது. செய்ததைக் கலைப்பது ‘தெஸாசேர்’. அதன் நடுவிலும் ஒரு ‘எச்’ ஒளிந்திருக்கிறது. காதை எவ்வளவு தீட்டினாலும் அது கேட்காது. ‘ஆசேர்’ குடும்பத்துச் சொல் என்று தெரிந்தால்தான் கை சரியாக எழுதும்.

சொல்லமைப்பைச் சோதிக்கும்போது இந்தப் பிள்ளைகள் குறைந்த மார்க் வாங்கினால், அவர்களுக்கு அந்த உணர்வே குறைவு என்று அர்த்தமா? அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. தாளில் அச்சடித்துக் கேட்டால், வாசிக்கும் சிரமமும் சேர்ந்து மார்க்கைக் குறைக்கும். வாயால் கேட்டாலும், நீளமான சொல்லின் ஒலிகளை மனதில் பிடித்துவைப்பதே அவர்களுக்குப் பாடு. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒத்த வயதினரோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. அதே அளவு வாசிக்கத் தெரிந்த இளைய பிள்ளைகளோடும் ஒப்பிடுகிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் அந்த இளையவர்களுக்குச் சமமாக வந்தால், குறைவாக வாசித்ததாலேயே பின்தங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

பணத்துக்கு ஸ்பானிஷில் ‘தினேரோ’. இதில் பிரிக்க எதுவும் இல்லை. ‘தின்’ என்று ஒரு பொருளை யாரும் விற்பதில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஒன்று திக்கித்திக்கி அதை வாசித்துவிட்டு, “டீச்சர், ‘தின்’ என்றால் என்ன?” என்று கேட்டால், விடைத்தாளில் அதற்கு மார்க் கிடையாது. நான் முழு மார்க் போடுவேன்.