விரலுக்குத் தகுந்த வீக்கம்: பழைய வண்டிக்கும் ரேலியில் ஒரு வகுப்பு வேண்டும்

சங்கத் தலைவர் ஐயா அவர்களே, அலுவலக வேலைக்கு நடுவே வந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, கல்லூரித் தாளாளர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வெளியே டீக்கடையில் நிற்கும் மெக்கானிக் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். கார் ரேலிப் போட்டி என்றால் அவர் ஊர்ச் சாலை விடியற்காலையிலேயே மூடப்படும். பால் வண்டி எந்தப் பக்கம் போகும், ஆட்டுப்பட்டியை எப்போது திறப்பது என்றெல்லாம் அவர்தான் தலையை உடைத்துக்கொள்கிறார். நாம் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். போன வருடம் பரிசளிப்பில் அவருக்குச் சால்வை போட மறந்துவிட்டார்கள். இந்த வருடம் போட்டாயிற்று. தாளாளர் அவர்கள் இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார். ஃபேனும் ஓடுகிறது.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, எந்த வண்டி ரேலியில் ஓடலாம் என்ற விதி. இரண்டு, ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் சீட்டுக்குப் பெண்கள் அதிகம் வர வேண்டும் என்பது. மூன்று, மூடிய சாலைக்கான காப்பீடு. பத்து நிமிடம்தான் என்றார் தலைவர். மணியடிக்கும் தம்பி கொஞ்சம் கருணை காட்ட வேண்டும்.

எங்கள் அம்முச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: விரலுக்குத் தகுந்த வீக்கம். கடன் வாங்கிக் கல்யாணம் செய்தாலும் அதுதான், பக்கத்து வீட்டில் மாடி எடுத்தாலும் அதுதான். அவர் ரேலி பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

உலக ரேலியில் 2027-க்கு வரும் புதிய விதிப்படி, வண்டியின் விலைக்கு உச்சவரம்பு 3,45,000 யூரோ. நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். இதைச் சிக்கனம் என்கிறார்கள்! ஆனால் அதே விதியில் நமக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கார் கம்பெனிகள்தான் வண்டி கட்ட வேண்டும் என்பதில்லை, தனிப் பட்டறைகளும் கட்டலாம். உச்சியிலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். அடியில் நாம் இன்னும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஹோமோலோகேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே புதுப் பையன்கள் பயப்படுகிறார்கள். விஷயம் எளியது. இந்த மாடலை இத்தனை எண்ணிக்கையில் செய்திருக்கிறோம், அதன் பாகங்கள் இவை என்று கம்பெனி பதிந்து வைக்கும் சான்று அது. ஏன் வந்தது? கடையில் விற்கும் வண்டியோடு போட்டி நடக்கட்டும் என்றுதான். 200 வண்டி செய்தால் போதும் என்று குரூப் பி என்ற வகுப்பில் தளர்த்தினார்கள். ராட்சச வண்டிகள் வந்தன. 1986-ல் கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனெனும் நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் தீயில் போனார்கள், அந்த வருடத்தோடு குரூப் பி-யை மூடினார்கள். ஆகவே விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

என் வழக்கு வேறு. மாடலின் உற்பத்தி நின்று ஏழு ஆண்டு ஆனால் சான்று காலாவதி என்பது சர்வதேச வழக்கம். மாருதி எஸ்டீம் 2007-ல் நின்றது, மாருதி 800 2014-ல் நின்றது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிப்சிக்கு நம் தேசியப் போட்டியில் தனி வகுப்பு கிடைத்திருக்கிறது, நல்லது. மற்றவை காயலான் கடைக்கா?

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். இருபது வருடம் இருக்கும். கேத்தனூர்ப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே மண் சாலை. மச்சான் எஸ்டீமை ஓட்டுகிறார், நான் பக்கத்தில் பேஸ் நோட், அதாவது வளைவு மேடுகளைக் குறித்த நோட்டை, வாசிக்கிறேன். ஸ்டேஜ் என்கிற அந்த மூடிய பந்தயச் சாலையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. மூன்றாவது கியர் போட்டார், ‘டக்’ என்று ஒரு சத்தம். "மாப்ளே, இதைப் பிடி" என்று என் மடியில் எதையோ வைத்தார். கியர் லிவர்! அடியோடு முறிந்து வந்துவிட்டது. ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் லிவர். "வலது நாலு, மேடு" என்று நான் கத்த, மூன்றாவது கியரிலேயே மிச்ச தூரமும் ஓட்டினார்.

சர்வீஸில் பழுது பார்க்க இருபது நிமிடம். லிவர் எங்கே கிடைக்கும்? காற்றாலை வேலைக்கு வந்திருந்த ஒரு வெல்டிங் அண்ணன் ஜெனரேட்டரோடு நின்றார். பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போட்டு, மிச்சமிருந்த கட்டையில் எங்கள் டூல்ஸ் பையிலிருந்த பதினேழு-பத்தொன்பது சைஸ் ரிங் ஸ்பேனரை நிறுத்திப் பற்றவைத்தார். காசு கேட்டால், "ஜெயிச்சுட்டு வாங்க தம்பி" என்கிறார். சூடு ஆறவில்லை. மச்சான் கையுறையோடு அதைத் தொட்டு "ஸ்ஸ்" என்று உறிஞ்சிக்கொண்டே கியர் போட்டார். எங்கள் வகுப்பில் இரண்டாவதாக வந்தோம்.

மாலையில் ஸ்குரூட்டினி, அதாவது வண்டிச் சோதனை. அதிகாரி கதவைத் திறந்தார், வெகுநேரம் பார்த்தார். "இது என்ன?"

"பதினேழு-பத்தொன்பது, சார்" என்றார் மச்சான்.

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. ஹோமோலோகேஷன் புத்தகத்தில் இதன் படம் இல்லை என்று முடிவை ரத்து செய்தார். விதிப்படி அவர் செய்தது சரி. ஆனால் ஒன்று கேளுங்கள். அந்த வெல்டிங்கை அவர் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் சீட் பெல்ட் காலாவதியாகி இரண்டு வருடம், அதையும் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தது எங்கள் தப்பு, மறைக்கவில்லை. தாளில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஆளைக் காப்பாற்றுமா என்று பார்க்கவில்லை.

அதனால்தான் கிளப் கிளாஸ் என்று ஒரு தனி வகுப்பைக் கேட்டு அலைகிறேன். 1400 சிசி வரை, டர்போ இல்லாத எந்தக் காரும் வரலாம், மாடல் உற்பத்தியில் இல்லாவிட்டாலும் சரி. என்ஜினைச் சீல் வைத்துவிடுங்கள். பணத்தை, வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கும் கூண்டான ரோல் கேஜ், சீட், பெல்ட், தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ், தீயணைப்பான் ஆகியவற்றில் போடச் சொல்லுங்கள். அவற்றில் ஒரு தேதி தவறினாலும் வீட்டுக்கு அனுப்புங்கள், நானே வந்து கதவைத் திறந்துவிடுகிறேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான். ஆனால் விரல் இருக்க வேண்டுமே!

போக்குவரத்து அலுவலர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில்தான் ஓட்டிப் போகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், கம்பெனி குறித்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், கூண்டு வைத்த வண்டி சாலையில் இறங்குவதே தலைவலி. 2022-லிருந்து பதினைந்து வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் போய் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. போட்டி நாளுக்கு மட்டும் ஒரு தற்காலிக அனுமதி கிடைக்க வழியுண்டா என்று மேலே எழுதிக் கேட்டால் கோடிப் புண்ணியம். அவர் எழுந்து போகவில்லை, அதுவே நல்ல சகுனம்.

நம் கோயம்புத்தூர் பட்டறை ஊர். மாருதி 800 என்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டிய கரிவர்தன் நம் ஊர்க்காரர். செட்டிப்பாளையத்துக் கார்ப் பந்தய ஓடுதளம் அவர் பெயரில்தான் நிற்கிறது. புத்தகத்தில் படம் இருக்கிறதா என்று அவர் காத்திருந்தாரா?

மணி அடித்துவிட்டார்கள். பெண் நேவிகேட்டர்கள் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். என் மகளே பின்னால் உட்கார்ந்து முறைக்கிறாள். காப்பீட்டைத் தலைவர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கிளப் கிளாஸ் மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பேனா கட்டி வைத்திருக்கிறோம். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறேன், பதினேழு-பத்தொன்பது. கையெழுத்துப் போட்டதும் அதைத் திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள், மச்சான் தேடுவார்.